செண்பகத்தோப்பு வௌவால், கிரிக் தாபிர்

செண்பகத்தோப்பு,
ஸ்ரீவில்லிபுத்தூர் வழி.
14.5.1990

அன்புள்ள நசீமா,

இன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். காய் இறக்கும் நாட்கள் என்பதால் ஒரு வாரமாக ராஜபாளையம் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோப்பு ஷெட்டில்தான் இருக்கிறோம். வடக்கோரத்து மாமரத்தில் போர்த்தியிருந்த துணியில் ஒரு வௌவால் சிக்கிக் கிடந்தது. கட்டைவிரல் நகம் இழையில் மாட்டி, இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது. நெஞ்சோடு ஒட்டி ஒரு குட்டி. துணியை வெட்டி விடுவித்தேன். என் விரலைக் கடித்துவிட்டுத்தான் போனது. டாக்டரிடம் காட்டி ஊசி போடத் தொடங்கியிருக்கிறேன், பயப்படாதே.

அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மற்ற மரங்களில் பதினொன்று செத்துத் தொங்கின.

என்ன துணி என்று கேட்பாய். எங்கள் பேண்டேஜ் துணிதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய காஸ் துணி முழுவதும் இழை குறைவென்று திரும்பி வந்ததைப் போன வருடம் எழுதியிருந்தேன். பேல் பேலாகத் தறிக்கூடத்தில் கிடந்தது. தறி நின்றுவிட்டது. வேலை செய்த எட்டுப் பெண்களும் தினமும் காலையில் வந்து, கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். தை மாதம் ஒருநாள் அவர், தோப்பில் வௌவால் சுட ஆள் பிடிக்கவேண்டும் என்றார். "சுடுவானேன்? சும்மா கெடக்குற துணிய மரத்து மேல போத்துனா என்ன?" என்று கேட்டது நான்தான். வௌவாலுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன், நசீமா. துப்பாக்கியை விடத் துணி மெல்லியது இல்லையா?

காய் ஒன்றுகூடக் கடிபடவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அடுத்த பருவத்துக்குத் துணி கேட்கிறார்கள். கான்சாபுரத்திலிருந்துகூட ஆள் வந்தது. தறி மறுபடி ஓடுகிறது. அவர் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாம் முறை சோறு கேட்கிறார். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

மடிப்பு வேலை பார்க்கும் அழகுத்தாய், செத்த வௌவால்களைக் கேட்டு வாங்கிப் போகிறாள். மாமியாருக்கு இளைப்பு. "ஆஸ்பத்திரிக்காரன் வேண்டாம்னு தள்ளுன துணிதாம்க்கா எங்க அத்தைக்கு வைத்தியம் பாக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
பரிபூரணம்

கிரிக், பேராக்.
9.6.1990

ஏட்டி பரிபூரணம்,

ஆண்டவன் அருளால் இங்கே எல்லாரும் சுகம். நான் மூன்று கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய். அந்த ஒன்றிலும் முக்கால்வாசி வௌவால். இருந்தாலும் இரண்டு தடவை படித்தேன். காசிராஜன் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார் என்பதை மட்டும் மூன்றாவது தடவையும் படித்தேன்.

நீ மிருகம் எழுதினால் நானும் எழுதுவேன். இங்கே காட்டுக்குள் தாபிர் என்று ஒன்று இருக்கிறது. மலாய்க்காரர்கள் தெனுக் என்பார்கள். கல்லூரியில் நாம் படத்தில்தான் பார்த்தோம். எருமைக் கன்று அளவு, முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் மட்டும் வெள்ளை வேட்டியைச் சுற்றியது போல. மூக்கு யானைக்கு வரவேண்டியது பாதியில் நின்றுவிட்டது. போன வெள்ளிக்கிழமை விடியும்போது மரலாரி ஒன்று பெண் தாபிரை அடித்துப் போட்டுவிட்டது, எங்கள் சாப்பாட்டுக் கடையிலிருந்து அரை மைலில். பக்கத்தில் அதன் குட்டி நின்றது. குட்டிக்கு வேட்டி கிடையாது. உடம்பெல்லாம் வெள்ளை வரியும் புள்ளியும், தர்பூசணிப் பழத்துக்குக் கால் முளைத்தது மாதிரி. வனவிலங்கு இலாகா ஆட்கள் வரும் வரைக்கும் கடை வேலிக்குள் அடைத்து வைத்தோம். என் சேலை முந்தியைச் சப்பிக்கொண்டு நின்றது.

இந்தப் பிராணியை இங்கே யாரும் தின்பதில்லை. பார்க்கப் பன்றி போல இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். அந்த மூஞ்சிதான் அதற்குக் காவல். உன் வௌவால் பாவம், மருந்து என்று பேர் வாங்கி வைத்திருக்கிறது.

தாபிர் வயிற்றில் பதின்மூன்று மாதம் சுமந்து ஒன்றே ஒன்று ஈனுமாம். இலாகா ஆள் சொன்னார். உன் வௌவாலும் ஒன்றுதானே போடும்? சிக்கியவை எல்லாம் நம் ஊர்ச் சாதாரண வகைதானா? பல்லை எண்ணினாயா? இருபத்தைந்து வருடம் ஆனாலும் அதை மறந்திருக்கமாட்டாய்.

நசீமா

ராஜபாளையம்
2.7.1990

அன்புள்ள நசீமா,

பல்லை எண்ணினேன். நீ கேட்டிருக்கவேண்டாம்.

காய் இறக்கி முடித்து, துணியைச் சுருட்டும் நாளில் மலையடிவாரத்து மரத்தில் ஒன்று கிடைத்தது. கைக்குள் அடங்குகிற அளவு. மற்றவற்றைப் போலத்தான் பழுப்பு. ஆனால் வால் இல்லை. நம் ஊர் வௌவாலுக்குக் குட்டையாக ஒரு வால் நுனி தெரியும், இதற்குச் சுத்தமாக இல்லை. தையல் ஊசியால் உதட்டை விலக்கிப் பார்த்தேன். மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பல். சாதாரண வகைக்கு நாலும் நாலும். திரும்பத் திரும்ப எண்ணினேன்.

இப்படி ஒன்றைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருக்கிறேன். நாற்பதுகளில் மேகமலைப் பக்கம் பிடித்த ஒன்றே ஒன்று பம்பாய் மியூசியத்தில் இருக்கிறதாம். ரொம்ப நாள் அதைச் சாதாரண வகை என்றே நினைத்து வைத்திருந்தார்களாம். அதற்குப் பிறகு யாருக்கும் கிடைத்ததாக அதில் இல்லை. இது அதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதுவாக இருந்தால், உலகத்துக்குத் தெரிந்த இரண்டாவதை என் யோசனை கொன்றிருக்கிறது.

உன் தாபிர் எத்தனை மாதம் சுமக்கும் என்று ஒரு இலாகா ஆள் சொல்கிறார். இது எத்தனை மாதம் சுமக்கும், எங்கே அடையும், எதைத் தின்னும் என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. உன்னுடையதை லாரி அடித்தால் இலாகா வண்டி வருகிறது. இங்கே எங்கள் வேலியை ஒட்டிச் சாம்பல் அணிலுக்குச் சரணாலயம் என்று போர்டு நட்டிருக்கிறார்கள். காவலர் சிவனாண்டியிடம் சாடையாக விசாரித்தேன். அணில் மேல் கல்லெறிந்தால் கேஸ், பழந்தின்னி வௌவாலுக்குக் கிடையாது, அது சட்டத்தில் எலி, காக்கையோடு ஒரே பட்டியல் என்றார். ஆக, நாங்கள் குற்றம் ஒன்றும் செய்யவில்லை. அதை நினைத்து நிம்மதிப்படப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி அதை வைத்திருக்கிறேன். படமும் வரைந்தேன். அவர் பார்த்துவிட்டு, "ஊறுகா போடுற அலமாரில என்னத்தப் போட்டு வச்சிருக்க" என்றார். காலேஜ் ஞாபகம் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவரிடம் நான் பொய் சொன்னது ரொம்ப வருடத்துக்குப் பிறகு.

உன்
பரிபூரணம்

கிரிக்
18.8.1990

ஏட்டி,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில் இல்லை. இப்போது எழுதுவதுதான் கோபத்தில்.

பம்பாய்க்கு எழுதினாயா? எழுதியிருக்கமாட்டாய். ஊறுகாய் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். காலேஜ் லேப்பில் நாம் இரண்டு பேரும் ஒரே டிரே. தவளையை அறுக்கிறவள் நான், படம் வரைகிறவள் நீ. உன் படத்துக்கு எப்போதும் முதல் மார்க். ஆனால் ஒரு தடவையாவது கத்தியைப் பிடித்தாயா? நாற்பது வயதுக்கு மேலும் படம்தான் வரைந்துகொண்டிருக்கிறாய். அடுத்த சித்திரையில் எத்தனை தோப்பில் துணி ஏறும் என்று உனக்குத் தெரியும். அதில் எத்தனை வாலில்லாதது சிக்கும் என்று தெரியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான், நீயும் மூடி வைத்தால்?

குட்டித் தாபிர் நன்றாக இருக்கிறது. இலாகா கொட்டிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கட்டு கங்கோங் கீரை கொண்டு போகிறேன். தண்ணீருக்குள் இறங்கி மூக்கை மட்டும் மேலே நீட்டும். எங்க வீட்டுக்காரர், "கடையில வர்ற ஆளுக்குக் கீரை இல்ல, உன் மருமகனுக்கு மட்டும் இருக்கு" என்கிறார்.

கடுமையாக எழுதிவிட்டேன். கிழிக்காமல் போடுகிறேன்.

நசீமா

ராஜபாளையம்
24.10.1990

அன்புள்ள நசீமா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தீபாவளி வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை.

பம்பாய்க்கு மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும், "எப்படி இறந்தது" என்று வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. வலையில் என்று எழுதினால் யாருடைய வலை என்று கேட்பார்கள். ஆட்கள் வருவார்கள், பேப்பரில் வரும், தோப்புக்காரர்கள் ஒதுங்குவார்கள், தறி நிற்கும். எட்டுப் பேரும் மறுபடி காலையில் வந்து கதவைப் பார்ப்பார்கள். அழகுத்தாய் இப்போதுதான் மாமியாரை மதுரைக்குக் கூட்டிப் போய் உண்மையான டாக்டரிடம் காட்டியிருக்கிறாள்.

செப்டம்பரில் அவருடைய தங்கை மகள் கல்யாணத்துக்கு மதுரை போனோம். பாட்டிலைத் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, அங்கிருந்தே பம்பாய்க்குப் பார்சல் போட்டேன். உள்ளே ஒரு சீட்டு. "பழந்தின்னி வௌவால். வால் இல்லை. வெட்டுப்பல் மேலே இரண்டு, கீழே இரண்டு. மதுரை." அனுப்புநர் இடத்தில் ஒரு ஆசிரியை என்று எழுதி, இல்லாத தெருப் பெயர் ஒன்றைப் போட்டேன்.

அனுப்பிவிட்டேன் இல்லையா? கத்தியைப் பிடித்துவிட்டேன். இனி கொஞ்ச நாள் நாம் வௌவாலைப் பற்றிப் பேசவேண்டாம். உன் மூத்தவனுக்குப் பெண் பார்ப்பதாக முன்பு எழுதியிருந்தாயே, என்ன ஆயிற்று?

பரிபூரணம்

கிரிக்
20.1.1991

அன்புள்ள பரிபூரணம்,

பெண் அமைந்துவிட்டது. தைப்பிங் பக்கம், நல்ல குடும்பம். பத்திரிகை பின்னால் வரும். நீ வரமாட்டாய் என்று தெரிந்துதான் அழைக்கிறேன்.

வௌவாலைப் பேசவேண்டாம் என்றாய். ஒரே ஒரு தடவை பேசிவிட்டு விட்டுவிடுகிறேன். மதுரை என்று எழுதினாயே, ஏன்? ஊரை எழுதாமல் விட்டிருந்தால்கூட அது வெறும் செத்த வௌவாலாக இருந்திருக்கும். ஊரை மாற்றி எழுதிவிட்டாய். நாளைக்கு ஒருவர் அந்தச் சீட்டை நம்பி மதுரையில் தேடுவார். கிடைக்காது. இல்லை என்று எழுதி மூடிவிடுவார். செண்பகத்தோப்பை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

திட்டுவதற்காக எழுதவில்லை. போன வாரம் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது தைப்பிங் மிருகக்காட்சிச் சாலைக்குப் போனேன். குட்டியை அங்கே மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று தாபிர் நின்றன. எது என்னுடையது என்று தெரியவில்லை. வரியெல்லாம் மறைந்து வேட்டி வந்துவிட்டது. கூப்பிட்டேன், மூன்றுமே பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னைத்தான் நினைத்தேன். இந்தத் தாபிருக்காக நான் என்ன கொடுத்தேன்? ஒரு கட்டுக் கீரை. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை மறைக்கவில்லை, யார் அடுப்பும் என்னால் அணையவில்லை. சட்டம் பார்த்துக்கொண்டது, இலாகா பார்த்துக்கொண்டது. சுமையே இல்லாதவள் சுமக்கிறவளைப் பார்த்துக் கத்தியைப் பிடித்தாயா என்று கேட்டேன். ஆகஸ்டில் எழுதியதற்கு மன்னித்துவிடு.

மதுரையைப் பற்றி மேலே எழுதியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அது நீ கேட்கவேண்டியது.

உன்
நசீமா

ராஜபாளையம்
5.3.1991

அன்புள்ள நசீமா,

கல்யாணப் பத்திரிகை வந்தது. மருமகள் பெயர் நூர்பானு என்று பார்த்தேன். படத்தில் உன் மகன் அப்படியே அவன் அத்தாவை உரித்து வைத்திருக்கிறான். ஒரு ஜோடி போர்வை தனியாக அனுப்புகிறேன், சுங்கத்தில் பிரித்தாலும் வந்து சேரும்.

மா இந்த வருடம் நன்றாகப் பூத்து, இப்போது பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கிறது. தறி பகல் முழுவதும் ஓடுகிறது. எல்லாம் தோப்புத் துணி. முன்பைவிட அகலம் கூட்டி நெய்கிறார். மாதிரிக்கு ஒரு துண்டை விரித்துக் காட்டினார். கையை விட்டுப் பார்த்தேன். கண்ணி அதே அளவு.

மாசி பிறந்ததும் நான் ஒன்று செய்து பார்த்தேன். துணியைப் போர்த்தாமல் சின்னச் சின்னப் பையாகத் தைத்து, குலைக்கு ஒன்றாகக் கட்டினால் நகம் மாட்டாது என்று தோன்றியது. அழகுத்தாயும் நானும் ஐம்பது பை தைத்தோம். தாழ்ந்த கிளையில் கட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. அவர் பார்த்துவிட்டுக் குறை சொல்லவில்லை. அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "இதுக்குச் சரி. அம்புட்டு உசரத்துக்கு எவன் ஏறி ஒவ்வொண்ணாக் கட்டுவான்?" என்றார்.

வருகிற பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, துணி கேட்ட தோப்புக்காரர்கள் எல்லாரையும் செண்பகத்தோப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார். பதின்மூன்று பேர். மரத்தில் எப்படிப் போர்த்துவது என்று காட்டுவதற்கு. வந்தவர்களுக்கு அங்கேயே சாப்பாடு. நேற்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீயே எல்லாத்தையும் சொல்லு. யோசனை ஒன்னோடது. நான் சொன்னா யாவாரம்பான், நீ படிச்சவ, சொன்னா கேப்பான்."

இருபது வருடத்தில் அவர் என்னை நாலு பேர் முன்னால் பேசச் சொன்னது இதுதான் முதல் தடவை. பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். நான் பாவு நூல் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பம்பாயிலிருந்து பதில் வராது. நான்தான் வர வழி இல்லாமல் செய்தேன். நேற்று இரண்டாவது கடிதம் ஒன்று எழுதி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். மதுரை என்று எழுதியது பொய், செண்பகத்தோப்பு மலையடிவாரம், காஸ் துணியில் சிக்கி இறந்தது, போர்த்தச் சொன்னது நான், இது என் பெயர், இது என் முகவரி. அவ்வளவுதான் கடிதம். பேனா எங்கேயும் நிற்கவில்லை. அது சுலபமாக இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பம்பாய் தூரம். அங்கே என் முகத்தைத் தெரிந்தவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம்.

அந்தப் பதின்மூன்று பேரிடமும் சொல்லப் போகிறேன், நசீமா. துணி காயைக் காக்கும் என்று சொல்வேன், அது உண்மை. அதோடு, எங்கள் தோப்பில் மட்டும் ஒரு பருவத்தில் நான் எண்ணிய வரை நூற்று எழுபத்தாறு செத்தது என்று சொல்வேன். பாலூட்டிக்கொண்டே செத்தவை எத்தனை என்றும் சொல்வேன். அதில் ஒன்று உலகத்தில் வேறு எங்கும் இல்லாததாக இருக்கலாம், என்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொல்வேன். எங்கள் தோப்பில் இந்த வருடம் போர்த்துவதில்லை என்பதையும். தோப்பு என் அப்பா எனக்குக் கொடுத்தது, அந்த மட்டுக்கு என் பேச்சு செல்லும். மற்றவர்கள் வாங்குவதும் வாங்காததும் அவர்கள் இஷ்டம். சிரிப்பார்கள். "வௌவாலுக்கு ஒரு அம்மா கெடச்சிருச்சு" என்பார்கள். பாதிப் பேர் எப்படியும் வாங்குவார்கள். வாங்காத பாதியால் எத்தனை தறி நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அழகுத்தாய் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன் என்றும் தெரியவில்லை. அவளும் அன்று சமையலுக்கு வருகிறாள்.

அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு மனதில்லை. அதனால் சனிக்கிழமை மாலை தோப்புக்குப் போகும் வழியில் சொல்வேன். வேண்டாம் என்பார். கெஞ்சுவார், அதுதான் அவர் கோபம். அப்படியும் ஞாயிறு சொல்வேன்.

இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஞாயிறு முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். நீ வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, சபாஷ் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன்
பரிபூரணம்